வெயிலில் நிற்கிற வண்டிக்கு எந்தப் பூச்சு?



மழைக்கு முந்தைய இதழ் என்றால் விதைக்கடலை பற்றியும் ஏரி வாய்க்கால் தூர் வாருவது பற்றியும்தான் வழக்கமாகக் கடிதங்கள் வரும். இந்த மாதம் தபால் கட்டைப் பிரித்தால் கடிதத்துக்குக் கடிதம் ஒரே கேள்வி: கார் பெயிண்டுக்கு எந்த வேக்ஸ் வாங்கலாம்? மயிலம் ரோட்டில் இருக்கும் ஒருவருக்கு ஷெட் கிடையாது. வண்டி வாசலில் வேப்ப மரத்தடியில் நிற்கிறது. மஞ்சள் போர்டு வண்டி ஓட்டும் தம்பி ஒருவர் பாண்டிச்சேரிக்கும் மீனம்பாக்கத்துக்குமாக ஓடிக்கொண்டே இருக்கிறவர். ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர், “கடைக்காரர் டெஃப்லான் போடச் சொல்கிறார், மாப்பிள்ளை செராமிக் போடச் சொல்கிறார், நான் யார் பேச்சைக் கேட்பது?” என்று எழுதியிருக்கிறார். ஒவ்வொருவருக்கும் தனியாகப் பதில் போடுவதைவிட இந்தப் பக்கத்தையே இதற்கு ஒதுக்கிவிடலாம் என்று தோன்றியது.

டப்பாவின் பெயரைக் கேட்கிறவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது இதுதான்: வண்டி பகலில் எங்கே நிற்கிறது, எந்தத் தண்ணீரில் கழுவுகிறீர்கள், இந்த வேலைக்கு ஞாயிற்றுக்கிழமையில் எவ்வளவு நேரம் ஒதுக்க மனசு வரும்? இதற்கெல்லாம் பதில் தெரிந்தால் எதை வாங்குவது என்பது பெரும்பாலும் தானாகவே முடிவாகிவிடும். வெளிநாட்டுக்காரர்கள் போடுகிற வீடியோவைப் பார்த்துவிட்டு வாங்குகிறவர்கள் ஏமாறுவதும் இங்கேதான். அந்த வெளிநாட்டுக்காரர்களின் கவலை உறைபனியும், பனி உருகுவதற்காக ரோட்டில் தூவும் உப்பும். நமக்குக் கத்திரி வெயில், போர் தண்ணீர், கிரஷர் தூசி, காக்கா.

நம் திண்டிவனம் சுற்றுவட்டாரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். கிழக்கே மரக்காணம் உப்பளம்; அந்தப் பக்கம் போய் வந்தால் கடல்காற்றின் உப்பு வண்டியில் படிந்துவிடுகிறது. வானூர், திருவக்கரைப் பக்கம் கல்குவாரிகளும் கிரஷர்களும். ஒரு டிப்பருக்குப் பின்னால் கொஞ்ச தூரம் போனாலே பானெட்டில் சாம்பல் நிறத்தில் கல்மாவு படியும். அதில் கலந்திருக்கும் குவார்ட்ஸ் பெயிண்டைவிட எத்தனையோ மடங்கு கடினமானது. காய்ந்த துணியால் அதைத் தட்டித் துடைத்தால், துடைத்த பக்கமெல்லாம் மெல்லிய கோடு விழும். சாயங்கால வெயிலில் பக்கவாட்டில் நின்று பார்த்தால் தெரியும், சிலந்திவலை கட்டியிருக்கும்.

திண்டிவனம் ஸ்டேஷன் பக்கம் தினமும் வண்டியை நிறுத்திவிட்டு ரயிலேறிச் சென்னைக்கு வேலைக்குப் போகிறவர்கள், வெள்ளைக் காராக இருந்தால் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். ஆரஞ்சு நிறத்தில் ஊசிமுனை அளவுப் புள்ளிகள் தெரியலாம். பிரேக் பிடிக்கும்போது சக்கரத்திலிருந்தும் தண்டவாளத்திலிருந்தும் பறக்கிற இரும்புத் துகள் பெயிண்டில் ஒட்டித் துருப்பிடித்ததுதான் அது. வண்டியே துருப்பிடித்துவிட்டது என்று பயப்பட வேண்டாம். பெயிண்டின் மேல் தேய்த்து எடுப்பதற்கென்றே கிளே பார் என்று களிமண் போன்ற ஒரு கட்டி விற்கிறது. பெயிண்டை நன்றாக நனைத்து, சோப்புத் தண்ணீர் விட்டுக்கொண்டே அந்தக் கட்டியை லேசாக ஓட்டினால் துகள்கள் அதில் ஒட்டிக்கொண்டு வந்துவிடும்.

எதைப் பூசுகிறோம் என்பதற்கு முன்னால், எதன்மேல் பூசுகிறோம் என்று பார்த்துவிடலாம். இன்றைய காரில் தகட்டுக்கு மேலே இருக்கும் எல்லாப் பூச்சும் சேர்த்தே சுமார் 100 முதல் 150 மைக்ரான்தான். அதில் மேலே இருப்பது நிறமில்லாத கிளியர் கோட், 40, 50 மைக்ரான் இருந்தால் அதிகம். நம் தலைமுடி ஒன்றின் தடிமன் சுமாராக 70 மைக்ரான். பளபளப்பு, நிறத்தின் ஆயுள் எல்லாமே முடியைவிட மெல்லிய இந்தப் படலத்தை நம்பித்தான் இருக்கின்றன.

பழைய வண்டிகளில் இந்த ஏற்பாடு கிடையாது. அந்தக் காலத்து அம்பாசடரிலும், வண்டலூர்ப் பக்கம் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டிலும் நிறம்தான் மேல்படலம். வெயில் பட்டுப் பட்டு அது சுண்ணாம்பாக வெளுக்கும். துணி வைத்துத் தேய்த்தால் துணியில் நிறம் ஒட்டும், அடியிலிருந்து புது நிறம் எட்டிப் பார்க்கும். பழைய டிரைவர்கள் லீவு நாளில் உட்கார்ந்து பாலிஷ் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்ததில் நியாயம் இருந்தது. அதே கைப்பழக்கத்தில் இன்றைய காருக்கு வருஷா வருஷம் பட்டறையில் மெஷின் வைத்து ரப்பிங் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். ஒவ்வொரு ரப்பிங்கும் கிளியர் கோட்டில் சில மைக்ரானைச் செதுக்கி எடுத்துவிடுகிறது. எடுத்தது திரும்ப வராது. நாலு வருஷத்தில் பானெட்டும் ரூஃபும் திட்டுத்திட்டாக உரிய ஆரம்பித்தால் ரீபெயிண்ட்தான் வழி.

ஆக, பாலிஷ் என்பது சுரண்டுகிற வேலை. வேக்ஸும் சீலன்ட்டும் மேலே படிய வைக்கிற வேலை. கடையில் இரண்டும் பக்கத்துப் பக்கத்துத் தட்டில் ஒரே அளவு டப்பாவில் இருக்கும். ‘கீறல் நீக்கும்’, ‘காம்பவுண்ட்’, ‘கிளீனர்’ என்று அட்டையில் ஏதாவது போட்டிருந்தால் அதில் உரசும் பொருள் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். புது வண்டிக்கு அது தேவையே இல்லை.

இப்போது வேக்ஸுக்கு வருவோம். கார் மெழுகில் பெரிய பெயர் கார்னாபா. பிரேசிலின் வடகிழக்கில், சியரா, பியாவி மாநிலங்களின் வறண்ட பூமியில் வளர்கிற ஒரு பனை அது. விசிறி ஓலை. மழையில்லாத மாதங்களில் உள்ளே இருக்கும் நீர் ஆவியாகிவிடாமல் இருக்க ஓலையின் மேல் மெழுகு சுரந்து படிகிறது. ஓலையை வெட்டிக் காயப்போட்டு அடித்தால் தூளாக உதிரும். உருக்கி வடித்தால் மஞ்சள் கட்டி. விழுப்புரம் மாவட்டத்துக்காரர்களுக்குப் பனையைப் பற்றி நான் சொல்லித்தர வேண்டியதில்லை. நம் பனையும் அதுவும் ஒரே தாவரக் குடும்பம்தான். 1935-ல் அமெரிக்காவின் ஜான்சன் மெழுகுக் கம்பெனி முதலாளி ஹெச்.எஃப். ஜான்சன், தண்ணீரிலும் தரையிலும் இறங்கக்கூடிய விமானம் ஒன்றில் பிரேசிலுக்கே பறந்து போய் இந்தப் பனை எங்கெங்கே எவ்வளவு இருக்கிறது என்று பார்த்துவிட்டு வந்தார். அவருடைய தரை மெழுகு வியாபாரம் அந்த ஓலையை நம்பி இருந்தது. நாம் விழுங்குகிற சில மாத்திரைகளின் மேல் இருக்கும் பளபளப்பும் இதே கார்னாபாதான்.

இதன் பெருமை உருகுநிலையில் இருக்கிறது. தேன்மெழுகு 62 முதல் 64 டிகிரியில் உருகிவிடும். கார்னாபா 82 முதல் 86 டிகிரி வரை தாங்கும். அக்னி நட்சத்திரத்தில் வெட்டவெளியில் நிற்கிற கறுப்புக் காரின் பானெட் 70 டிகிரியைத் தாண்டும் என்பதால், பரவாயில்லையே, தாங்கிவிடும் என்று தோன்றும். ஆனால் தனிக் கார்னாபா கல்லாக இறுகி இருக்கும், துணியில் எடுத்துப் பூசவே முடியாது. எண்ணெயும், கரைப்பானும், மென்மையான வேறு மெழுகுகளும் சேர்த்துக் குழைத்துத்தான் டப்பாவில் அடைக்கிறார்கள். ‘100 சதவீதம் கார்னாபா’ என்று அட்டையில் பார்த்தால் டப்பா முழுக்க அதுதான் என்று எண்ண வேண்டாம். குழைத்த மெழுகு நம் வெயிலில் ஒரு மாதம், மிஞ்சினால் ஒன்றரை மாதம். அதற்குள் வாட்டர் வாஷ் கடையில் கடுமையான நுரை அடித்து இரண்டு தடவை கழுவினால் அந்தக் கணக்கும் இல்லை.

சீலன்ட் என்பது ஆலையில் செய்த பாலிமர். பெரும்பாலும் சிலிகோன் வகை. பெயிண்டைப் பிடித்துக்கொள்ளும்படி அதன் மூலக்கூறை மாற்றியிருப்பார்கள். நாலு முதல் ஆறு மாதம் என்று சொல்லி விற்கிறார்கள். வெளியில் நிற்கிற வண்டிக்கு மூன்று, நாலு மாதம் என்று வைத்துக்கொண்டால் ஏமாற்றம் இராது. பூசுவது சுலபம், வெயில் சூட்டில் வழியாது, தூசியும் மெழுகின் மேல் ஒட்டுகிற அளவுக்கு ஒட்டாது. கார்னாபா பிரியர்கள் இதைப் பார்த்து, “பளபளப்பு இருக்கிறது, உயிர் இல்லை” என்பார்கள். கறுப்பு, கருஞ்சிவப்பு, கருநீல வண்டிகளில் அவர்கள் சொல்வது உண்மைதான். மெழுகு போட்ட கறுப்பில் ஓர் ஆழம் தெரியும். வெள்ளையிலும் சில்வரிலும் அந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரியாது. ஜி.எஸ்.டி. ரோட்டில் நின்று பாருங்கள், போகிறதில் பெரும்பகுதி வெள்ளை வண்டி. வெள்ளைக் காருக்குத் தேடிப்பிடித்து விலை உயர்ந்த கார்னாபா வாங்குவதில் எனக்கு உடன்பாடு இல்லை.

செராமிக் பற்றி மாப்பிள்ளை சொன்னதில் பொய் இல்லை. சிலிக்கா சார்ந்த திரவத்தைப் பூசிக் காயவிட்டால் அது இறுகி, மைக்ரான் கணக்கில் ஒரு படலமாகப் பெயிண்டோடு பிணைந்துகொள்கிறது. நன்றாகப் போட்டால் வருஷக் கணக்கில் நிற்கும். நன்றாகப் போடுவது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. தூசி இல்லாத அறை வேண்டும். முன்னதாகப் பெயிண்டில் இருக்கும் கோடுகளையெல்லாம் எடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் கோட்டையும் சேர்த்து மூடிப் பத்திரப்படுத்தியதாகிவிடும். செலவில் பெரும்பங்கு பாட்டிலுக்கு அல்ல, அந்தக் கைவேலைக்கு. ‘9H கடினம்’ என்று விளம்பரத்தில் போடுவதைப் பார்த்து, வைரம் 10, இது 9 என்று நினைத்துக்கொள்கிறவர்கள் அதிகம். அது வேறு அளவுகோல். 9H என்பது பென்சில் கடினம். பள்ளிக்கூடத்தில் நாம் வரைந்த HB, 2H பென்சில் வரிசையிலேயே கடைசியில் வரும் பென்சிலால் கீறினாலும் கோடு விழவில்லை என்பது அதன் பொருள். கல்மாவுக்கும் சாவிக்கும் அது ஈடுகொடுக்காது.

டெஃப்லான் கடைக்காரர் பேச்சுக்கு நான் தலையாட்ட மாட்டேன். நான்ஸ்டிக் தோசைக்கல்லில் இருக்கும் டெஃப்லான் சுமார் 327 டிகிரியில் உருகுகிற பொருள். கல்லோடு அது ஒட்டிக்கொள்வது ஆலை அடுப்பில் அந்தச் சூட்டையும் தாண்டிச் சுட்டெடுப்பதால்தான். கார் பெயிண்டில் அந்தச் சூடு காட்டினால் பெயிண்டே மிஞ்சாது. ‘டெஃப்லான் கோட்டிங்’ என்று போட்டுவிடுவது பெரும்பாலும் நல்ல ஒரு சீலன்ட், அவ்வளவுதான். சீலன்ட் விலைக்குக் கொடுத்தால் போட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொரு நம்பிக்கையையும் கொஞ்சம் தளர்த்த வேண்டியிருக்கிறது. வேக்ஸ் போட்டுவிட்டால் வெயில் பெயிண்டைத் தொடாது என்று நினைக்கிறோம். ஒரு மைக்ரான் கூட இல்லாத படலம் வெயிலை எவ்வளவு தடுத்துவிடும்? புற ஊதாக் கதிரைத் தாங்குவதற்கான பொருளைக் கம்பெனியிலேயே கிளியர் கோட்டில் கலந்துதான் அடிக்கிறார்கள். அது போக மீதிக் காப்பு நிழல்தான். செராமிக்குக்குக் கொடுக்கிற பணத்தில் வாசலில் நாலு இரும்புக் குழாய் நட்டு ஷீட் போட்டுவிட முடியுமென்றால், என் ஓட்டு ஷீட்டுக்கு. துணி கவர் போடுகிறவர்கள் மட்டும் கவனம்: தூசி படிந்த வண்டிமேல் கவரை இழுத்துப் போட்டால், காற்றில் அது ஆடுகிற ஒவ்வொரு ஆட்டமும் உப்புத்தாள் வேலை.

வேக்ஸும் சீலன்ட்டும் செய்து தருவது அவகாசம். காக்கா எச்சத்தில் இருக்கும் யூரிக் அமிலம் சூடான பெயிண்டில் விழுந்தால் சில மணி நேரத்திலேயே தடம் பதிக்கும். பூச்சு இருந்தால் சாயங்காலம் வீட்டுக்கு வந்து எடுக்கிற வரைக்கும் தாங்கும். அதையும் சுரண்டி எடுக்கக் கூடாது. ஈரத்துணியை அதன்மேல் அஞ்சு நிமிஷம் ஊறப்போட்டு அப்படியே தூக்கிவிட வேண்டும். வேம்பின் பிசினுக்கும், நெடுஞ்சாலையில் ராத்திரி முகப்பில் அடித்து ஒட்டுகிற பூச்சிகளுக்கும் இதே வைத்தியம்தான்.

2024 டிசம்பர் தொடக்கத்தை நம்மில் யாரும் மறந்திருக்க மாட்டோம். ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரை கடந்தபோது மயிலத்தில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டருக்கு மேல் மழை. சேற்றில் நின்ற வண்டிகளைத் தண்ணீர் வடிந்த மறுநாளே பனியன் வேஸ்ட்டால் பரபரவென்று துடைத்தவர்களின் வண்டியில் இன்றைக்கும் அந்தக் கோடுகள் இருக்கின்றன. சேறு காய்ந்துவிட்டால் குழாய்த் தண்ணீரை நிறைய விட்டு, அது தானாகக் கரைந்து ஓடின பிறகுதான் கை வைக்க வேண்டும். எந்த விலை வேக்ஸும் இதற்கு மாற்றில்லை.

சரி, கடிதம் எழுதியவர்களுக்கு. வேப்ப மரத்தடிக்காரருக்குச் சீலன்ட். புரட்டாசிக் கடைசியில், வடகிழக்குப் பருவமழை பிடிப்பதற்கு முன் ஒரு தடவை, பொங்கல் முடிந்ததும் ஒரு தடவை, கத்திரிக்கு முன்னால் ஒரு தடவை. டாக்ஸி ஓட்டுகிற தம்பிக்கு, கழுவி ஈரம் காயுமுன் தெளித்துத் துடைத்துவிடுகிற ஸ்பிரே சீலன்ட் போதும். பத்து நிமிஷ வேலை, இரண்டு மாதம் வரும். அவர் வண்டிக்குச் செராமிக் போடுவது வீண் செலவு. நெடுஞ்சாலையில் முன்னால் போகும் லாரியிலிருந்து தெறிக்கிற கல்லுக்கு முன் எதுவும் நிற்காது. ஆசிரியை அம்மாவின் வண்டி புதுசு, கறுப்பு, ஷெட்டில் நிற்கிறது, வாரம் ஒரு நாள்தான் வெளியே வருகிறது என்று எழுதியிருக்கிறார்கள். அவருக்கு மட்டும் நான் கார்னாபா சிபாரிசு செய்வேன். காலையில் காபி குடித்துவிட்டு ஒரு மணி நேரம் நிதானமாகத் தேய்க்கப் பிடிக்கும் என்றால் அதில் ஒரு சுகம் இருக்கிறது. பிடிக்காது என்றால் அவருக்கும் சீலன்ட்தான்.

பூசும் விதம் பற்றிச் சுருக்கமாக. நிழலில், பானெட்டில் உள்ளங்கையை வைத்தால் சூடு தெரியாத நேரத்தில். துணி துவைக்கிற பவுடரில் கழுவ வேண்டாம். எண்ணெய்ப் பிசுக்கை எடுக்கச் செய்த சோப்பு வேக்ஸையும் சேர்த்து எடுத்துவிடும். போர் தண்ணீரை வண்டியிலேயே காயவிடக் கூடாது. நம் பக்கம் தண்ணீரில் உப்பும் சுண்ணாம்புச் சத்தும் உண்டு; வேக்ஸ் போட்ட பெயிண்டில் தண்ணீர் முத்துமுத்தாகத் திரண்டு நிற்கிறதே என்று ரசித்துக்கொண்டிருந்தால், ஒவ்வொரு முத்தும் காய்ந்து ஒரு வெள்ளை வளையமாக நிற்கும். துடைத்துவிடுங்கள். பிறகு சீலன்ட்டை ஒரு ரூபாய் நாணயம் அளவு ஸ்பாஞ்சில் எடுத்து, பானெட்டில் பாதி, கதவு ஒன்று என்று பகுதி பகுதியாக, இருக்கிறதா இல்லையா என்று தெரியாத அளவுக்கு மெல்லியதாகத் தடவுங்கள். தடிமனாகப் பூசினால் அதிக நாள் வராது, துடைக்கத்தான் அதிக நேரம் ஆகும். மங்கலாகக் காய்ந்ததும் விரல் நுனியால் ஓர் இழுப்பு இழுத்துப் பார்த்து, ஒட்டாமல் சுத்தமாக வந்தால் மைக்ரோஃபைபர் துணியால் எடுத்துவிடலாம். கறுப்பு பிளாஸ்டிக் பாகங்களில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அங்கே காய்ந்தால் வெள்ளை வெள்ளையாக நிற்கும், லேசில் போகாது. மேட் ஃபினிஷ் வண்டிக்கு இது எதுவுமே ஆகாது, அதற்கென்று தனியாக வருகிறது.

டிங்கரிங் முடிந்து புதிதாக பெயிண்ட் அடித்த கதவுக்கும் பம்பருக்கும் ஒரு மாதமாவது, முடிந்தால் இரண்டு மாதம், எதுவும் போட வேண்டாம். பட்டறைப் பெயிண்டில் இருக்கும் கரைப்பான் மெதுவாகத்தான் வெளியேறும். அதேபோல பெயிண்டிங்குக்கு வண்டி விடும்போது முன்னால் சிலிகோன் சீலன்ட் போட்டிருந்தால் பெயிண்டரிடம் சொல்லிவிடுங்கள். சுத்தமாக எடுக்காமல் அடித்தால் புதுப் பெயிண்ட் குட்டிக் குட்டிப் பள்ளமாக விலகி நிற்கும். பழி அவர்மேல் விழும்.

ஆயுத பூஜை வருகிறது. அன்றைக்குக் காலை வாட்டர் வாஷ் கடை வரிசையில் நின்று, ஒரே துணியில் சக்கரத்தையும் பானெட்டையும் துடைத்துக்கொண்டு வருவதைவிட முந்தின ஞாயிறே வீட்டில் கழுவிச் சீலன்ட் போட்டுவிடுங்கள். சந்தனம் குங்குமத்தைப் பெயிண்டில் வைத்து வெயிலில் விட்டால் மஞ்சள் கறை தங்கிவிடும், வெள்ளை வண்டியில் அடுத்த ஆயுத பூஜை வரைக்கும் தெரியும். முன் கண்ணாடியின் ஓரத்தில் வைத்தால் பூஜைக்கு ஒரு குறையும் வராது. பெயிண்டில்தான் வைப்பேன் என்கிறவர்கள் அன்று ராத்திரியே ஈரத்துணியால் எடுத்துவிடுங்கள். கற்பூரத்தைத் தட்டில் ஏற்றிக் காட்டுங்கள், பானெட் மேல் வேண்டாம். பூசணிக்காயை உடைத்த கையோடு சிதறலை ஓரமாகத் தள்ளிவிட்டால் பின்னால் வருகிற டூ வீலர்காரர்களுக்கும் உதவியாக இருக்கும்.

மழை முடிந்ததும் எந்தப் பூச்சு எத்தனை நாள் நின்றது, எது முதல் வாட்டர் வாஷிலேயே ஓடிப்போனது என்று எழுதுங்கள். வண்டியின் நிறம், அது நிற்கிற இடம் இரண்டையும் மறக்காமல் குறிப்பிடுங்கள். தை இதழில் ஒரு பக்கம் உங்கள் கடிதங்களுக்காகவே வைத்திருக்கிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்